தென்காசி தனித்தொகுதி: சாதிக் கணக்கு போடுபவர்கள் பார்க்காத இடம்

தேர்தல் வந்தால் போதும், "தொகுதி அலசல்" என்ற சரக்கு டிவியிலும் யூட்யூபிலும் வாட்ஸப்பிலும் குவிய ஆரம்பித்துவிடும். எங்கள் தென்காசி நாடாளுமன்றத் தொகுதிக்கும், அதற்குள் வரும் சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதிக்கும் வந்தவற்றில் கிடைத்ததையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அச்சு. முதலில் சங்கரநாராயணர் கோயில் கோபுரம், ஆடித்தபசு. அடுத்து விசைத்தறி, மல்லிகைப்பூ, கரிசல் காடு. மூன்றாவதாக, "இத்தொகுதியில் இன்ன சாதியினர் இத்தனை சதவீதம்" என்று ஒரு வண்ணப் படம். கடைசியில் அந்தச் சதவீதங்களைக் கூட்டிக் கழித்து ஒரு ஜோசியம்.

இந்த அலசல்கள் மேல் எனக்கு இருக்கும் விமர்சனம், ஜோசியம் பலிக்கவில்லை என்பது இல்லை. சில சமயம் பலிக்கவும் செய்கிறது. கேள்வியையே தப்பாகக் கேட்கிறார்கள் என்பதுதான் பிரச்சனை. "எந்தச் சாதி யாருக்கு ஓட்டுப் போடும்?" என்று கேட்கிறார்கள். தென்காசி மாதிரி ஒரு தனித்தொகுதியில் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, "வேட்பாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?" என்பது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கையில் இருக்கும் எண்களை வைத்தே பார்க்கலாம்.

தொகுதி எது?

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இதிலேயே பாதி அலசல்கள் வழுக்கி விழுகின்றன. 2008 மறுவரையறைக்குப் பிறகு தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில் இருப்பவை ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி. முதல் இரண்டும் விருதுநகர் மாவட்டம். மற்ற நான்கும் 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டம். ஆறில் ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் மூன்றும் தனித்தொகுதிகள். மொத்தத்தில் சுமார் 15 லட்சம் வாக்காளர்கள்.

குருவிகுளம் ஒன்றியத்தை அப்படியே சங்கரன்கோவில் தொகுதியின் ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் சரியில்லை. இளையரசனேந்தல் பக்கத்து 12 ஊராட்சிகளின் கதை பல வருடமாக இழுபறி. ஒன்றியம் குருவிகுளம், ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி வட்டம். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுவது கோவில்பட்டியில், நாடாளுமன்றத்துக்குத் தூத்துக்குடியில். வீட்டு வரி ஒரு பக்கம், பட்டா இன்னொரு பக்கம் என்று அந்த ஊர்க்காரர்கள் அலைந்து, "எங்களை ஒரே பக்கமாகச் சேருங்கள்" என்று போராடியதெல்லாம் இந்த ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒன்றிய வாரியான புள்ளிவிவரத்தை எடுத்துத் தொகுதிக்கு ஒட்டவைப்பவர்களுக்கு மட்டும்தான் தெரிவதில்லை.

ஏழு தேர்தல், ஒரு வேட்பாளர்

தென்காசித் தேர்தல் வரலாற்றில் ஆராய்ச்சிக்கென்றே அமைந்த மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் க. கிருஷ்ணசாமி 1998-லிருந்து 2024 வரை நடந்த ஏழு நாடாளுமன்றத் தேர்தலிலும் இங்கே நின்றார். ஏழிலும் தோற்றார். வேட்பாளர் மாறாமல் கூட்டணி மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது சோதனை செய்ய நினைத்தால், அந்தச் சோதனை ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது.

1999-ல் மூப்பனாரின் தமாகா அணியில் நின்றார். சுமார் 1 லட்சத்து 86 ஆயிரம் ஓட்டு, மூன்றாம் இடம். அந்தத் தேர்தலில் அதிமுகவின் எஸ். முருகேசன் பாஜக வேட்பாளரை வென்றது வெறும் 887 ஓட்டில். 2009-ல் பெரிய கட்சி எதுவும் துணைக்கு இல்லை. 1,16,685 ஓட்டு. 2014-ல் திமுக கூட்டணி: 2,62,812. 2019-ல் அதிமுக கூட்டணி, இரட்டை இலை சின்னம்: 3,55,870. 2024-ல் மறுபடியும் இரட்டை இலை, ஆனால் பாஜக தனி அணி: 2,29,480.

இதை வைத்து இரண்டு விதமான கதை சொல்கிறார்கள். முதல் கதை: "பட்டியல் சமூகத்தின் சொந்தத் தலைவரை மற்ற சாதிகள் சேர்ந்து தோற்கடிக்கிறார்கள்." இரண்டாவது கதை: "அவர் சொந்தச் சமூகமே அவரை ஏற்றுக்கொள்ளவில்லை." இரண்டுமே அரைகுறை.

முதல் கதையில் உள்ள ஓட்டை இது. இந்தப் பகுதியில் பட்டியல் சமூகம் என்பது ஒரே சாதி கிடையாது. தேவேந்திரகுல வேளாளர், பறையர், அருந்ததியர் என்று தனித்தனி வரலாறும் தனித்தனி அரசியலும் உள்ளவர்கள். அதோடு, புதிய தமிழகமே தேவேந்திரகுல வேளாளரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே எடுக்கவேண்டும் என்று கேட்கிற கட்சி. ஏழு உட்பிரிவுகளை அந்தப் பொதுப்பெயரில் சேர்க்கும் சட்டம் 2021-ல் வந்தது. பட்டியலை விட்டு வெளியேறும் கோரிக்கை மட்டும் நிற்கிறது. பட்டியல் வேண்டாம் என்கிற தலைவர் பட்டியல் சாதிக்கான தொகுதியில் நிற்கும்போது, பறையர், அருந்ததியர் வாக்காளர்கள் அவரை "நம்ம தலைவர்" என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இரண்டாவது கதைக்கும் ஆதாரம் கிடையாது. எந்தச் சமூகம் யாருக்கு ஓட்டுப் போட்டது என்று சொல்லும் ஆவணமே இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் கீழே வருகிறேன்.

எண்கள் உண்மையில் சொல்வது இதைத்தான்: பெரிய கட்சியின் துணை இல்லாத 2009-ல் ஒரு லட்சம் சொச்சம்; துணை கிடைத்ததும் இரண்டு மடங்குக்கு மேல், பிறகு மூன்று மடங்கு. அதாவது கடைசி மூன்று தேர்தலில் அவருக்கு விழுந்த ஓட்டில் பெரும்பகுதி கூட்டணிக் கட்சியின் ஓட்டு. ஜெயித்தவர்களுக்கும் இதே விதிதான். இந்தியக் கம்யூனிஸ்ட் 2004-லும் 2009-லும் இங்கே வென்றது. முதல் முறை திமுக அணியில் எம். அப்பாத்துரை, இரண்டாம் முறை அதிமுக அணியில் பொ. லிங்கம். அரிவாள் கதிர் அதே அரிவாள் கதிர்தான், பக்கத்தில் நின்ற கட்சிதான் வேறு. 1977 முதல் 1996 வரை தொடர்ந்து ஆறு முறை வென்ற எம். அருணாசலமும் அதிமுகவோடும் திமுகவோடும் மாறி மாறிக் கூட்டணி வைத்த காங்கிரஸில் இருந்தவர். கடைசி முறை திமுகவோடு சேர்ந்த தமாகாவில்.

2024 முடிவு வந்ததும் ஒரு கணக்கு வாட்ஸப்பில் சுற்றியது. திமுகவின் டாக்டர் ராணி ஸ்ரீகுமார் 4,25,679. கிருஷ்ணசாமி 2,29,480. பாஜகவின் தாமரைச் சின்னத்தில் நின்ற தமமுகவின் ஜான் பாண்டியன் 2,08,825. கடைசி இரண்டையும் கூட்டினால் 4,38,305. "பாருங்க, ஒரே சமூகத்துத் தலைவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து நின்றிருந்தால் ஜெயிச்சிருப்பாங்க!" கூட்டல் சரி, முடிவு தப்பு. கூட்டப்பட்டது ஒரு சமூகத்தின் ஓட்டு கிடையாது. இரட்டை இலை ஓட்டும் தாமரை ஓட்டும். அதிமுகவும் பாஜகவும் பிரிந்ததன் விளைவைச் சாதித் தலைவர்கள் பிரிந்ததன் விளைவாகப் படிக்கிறார்கள்.

"தனி" என்ற சொல் செய்யும் குழப்பம்

தனித்தொகுதி என்ற சொல்லே குழப்பம்தான். பட்டியல் சமூகத்துக்கு என்று தனியாக ஒதுக்கிய தொகுதி என்று கேட்டதும், அவர்களே தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் ஒதுக்குவது வேட்பாளரின் சாதியை மட்டும். ஓட்டுப் போடுவது எல்லோரும்.

வாக்காளரையே தனியாகப் பிரிக்கும் ஏற்பாடும் ஒரு காலத்தில் அறிவிக்கப்பட்டது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 71 இடங்கள் கொடுத்தது. அந்த இடங்களுக்கு அவர்கள் மட்டும் ஓட்டுப் போடலாம்; அது போகப் பொது இடங்களுக்கும் ஓட்டு உண்டு. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆக ஏறின; அதில் சென்னை மாகாணத்துக்கு 30. பதிலுக்குத் தனி வாக்காளர் முறை போனது. இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும்.

ஒப்பந்தத்தின் இன்னொரு பகுதிதான் அதிகம் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு ஒதுக்கீட்டு இடத்துக்கும் முதலில் ஒரு முதற்சுற்றுத் தேர்தல். அதில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நான்கு பேரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியும். மேலோட்டமாகச் சொன்னால், ஷார்ட்லிஸ்ட் அவர்கள் கையில், இறுதி முடிவு எல்லோர் கையிலும். 1937, 1945-46 மாகாணத் தேர்தல்களில் இந்த முறை இருந்தது. பத்து வருடத்துக்குத்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் அதோடு முடிந்தது.

அதற்குப் பதிலாக வேறு ஏதாவது வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் ஒரு முயற்சியும் நடந்தது. 1947 ஆகஸ்டில், சென்னை மாகாணத்திலிருந்து போன உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒதுக்கீட்டு இடத்தில் ஜெயிப்பவர், பதிவான பட்டியல் சாதி ஓட்டுகளில் குறைந்தது 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வல்லபாய் படேல் கடுமையாக எதிர்த்தார். திருத்தம் நிற்கவில்லை.

அடுத்து வந்தது இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952, 1957 தேர்தல்களில் ஒரே தொகுதிக்குப் பொது ஒருவர், பட்டியல் சமூகத்தவர் ஒருவர் என்று இரண்டு பேர். 1957-ல் பார்வதிபுரத்தில், பின்னாளில் ஜனாதிபதி ஆன வி.வி. கிரி தோற்றார், பழங்குடி வேட்பாளர்கள் இரண்டு பேருமே அதிக ஓட்டு வாங்கிப் பொது இடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கிரி அங்கேயும் தோற்றார். 1961-ல் இரட்டை உறுப்பினர் முறையே ரத்து. அதன் பிறகுதான் இன்றைக்கு இருக்கும் ஒற்றைத் தனித்தொகுதிகள். சங்கரன்கோவிலும் தென்காசியும் 1967-லிருந்து இந்தப் பட்டியலில்.

இப்போது இந்த வரலாற்றை ஒரு சாஃப்ட்வேர்க்காரன் கண்ணில் பாருங்கள். மூன்று படி: ஷார்ட்லிஸ்ட், வேட்பாளர், வெற்றி. முதல் படி பட்டியல் சமூக வாக்காளர் கையில் இருந்தது. 1947-க்குப் பிறகு அந்த ஃபங்ஷனையே டிலீட் செய்துவிட்டார்கள். ஆனால் அந்த வேலை நடந்துதானே ஆகவேண்டும்? யாரோ ஒருவர் நான்கு பேரைப் பொறுக்கித்தானே ஆகவேண்டும்? அது கட்சித் தலைமைக்குப் போய்விட்டது. அறிவிப்பு இல்லை, விவாதம் இல்லை, சட்டத் திருத்தம் இல்லை. காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அப்படியானால் தப்பு ஒதுக்கீட்டிலா?

இல்லை. இந்த இடத்தில்தான் சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதி உதவிக்கு வருகிறது. அதே ஒதுக்கீடு, நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் அதே வாக்காளர்கள். ஆனால் நடந்தது வேறு.

1996-ல் ஜெயலலிதா எதிர்ப்பு அலையில் அதிமுக தமிழ்நாடு முழுக்க ஜெயித்தது நான்கே நான்கு இடம். அதில் ஒன்று சங்கரன்கோவில். சொ. கருப்பசாமி சுமார் 600 ஓட்டில் தப்பிப் பிழைத்தார். திமுகவிலிருந்து பிரிந்த மதிமுக தனி அணியாக நின்ற தேர்தல் அது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆனால் அவர் 2001, 2006, 2011 என்று மூன்று முறை மறுபடியும் ஜெயித்தார். 2006-ல் ஆட்சி திமுகவுக்குப் போனபோதும் இந்தத் தொகுதி அவரை விடவில்லை. 2011 அக்டோபரில், அமைச்சராக இருக்கும்போது காலமானார். பதினைந்து வருடம், ஒரே ஆள், நான்கு முறை வாக்காளர் தீர்ப்பு.

தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில் 1999-க்குப் பிறகு ஒருவர்கூட இரண்டாவது முறை ஜெயித்ததில்லை. 2004 அப்பாத்துரை, 2009 லிங்கம், 2014 வசந்தி முருகேசன், 2019 தனுஷ் எம். குமார், 2024 ராணி ஸ்ரீகுமார். ஐந்து தேர்தல், ஐந்து பேர். "மக்கள் மாத்திக்கிட்டே இருக்காங்க" என்று அலசல்கள் இதைச் சொல்கின்றன. அப்படியில்லை. 2009, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தலிலும் பதவியில் இருந்த எம்.பி. வாக்குச்சீட்டிலேயே இல்லை. 2009-ல் கட்சி ஆளை மாற்றியது. 2014-ல் 1,61,774 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த அதிமுக, 2019-ல் இந்தத் தொகுதியையே புதிய தமிழகத்துக்குக் கொடுத்துவிட்டது. 2019-ல் 1,20,286 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த திமுக, 2024-ல் வேறு வேட்பாளரை நிறுத்தியது. மக்கள் அவர்களை மாற்றவில்லை. மாற்றவோ வைத்துக்கொள்ளவோ கேட்கப்படவே இல்லை.

கடைசி ஐந்து தேர்தலில் தென்காசி யார் யாருக்குக் கைமாறியது என்று எழுதிப் பார்த்தேன். திமுக அணியில் ஒரு முறை கம்யூனிஸ்டுக்கு, ஒரு முறை காங்கிரஸுக்கு, ஒரு முறை புதிய தமிழகத்துக்கு. அதிமுக அணியில் கம்யூனிஸ்டுக்கு ஒன்று, புதிய தமிழகத்துக்கு இரண்டு. பாஜக அணியில் 2014-ல் மதிமுகவுக்கு, 2024-ல் தமமுகவுக்கு. கூட்டணிப் பேச்சுவார்த்தையில் பெரிய கட்சிகளுக்குத் தென்காசி ஒரு சில்லறைக் காசு. "உங்களுக்கு ஒரு தனித்தொகுதி" என்று எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கிறது.

ஆக, ஒதுக்கீடு இருக்கும் இரண்டு தொகுதி. ஒன்றில் வேட்பாளர் ஊரில் வேர் பிடித்தார், மற்றொன்றில் பிடிக்கவில்லை. வித்தியாசம் ஒதுக்கீட்டில் இல்லை. சீட்டை வைத்துக் கட்சிகள் என்ன செய்கின்றன என்பதில் இருக்கிறது. பொதுத் தொகுதியிலும் இதே பேரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் குரலுக்காக என்று ஏற்படுத்திய இடத்தில் இது நடக்கும்போது இழப்பு இரட்டிப்பு.

சதவீதம் எங்கிருந்து வருகிறது?

இனி அந்த வண்ணப் படத்துக்கு வருவோம். "இன்ன சாதி 18 சதவீதம், இன்ன சாதி 12 சதவீதம்" என்று போடுகிறார்களே, மூலம் எது?

இந்தியாவில் எல்லாச் சாதிகளையும் எண்ணி முழுமையாக வெளியிட்ட கடைசி சென்சஸ் 1931. அதற்கப்புறம் வந்த சென்சஸ்களில் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டுமே உண்டு. 2011-ல் நடந்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் சாதி கேட்டார்கள். அந்தச் சாதி விவரத்தை வெளியிடவில்லை. அடுத்த சென்சஸில் சாதியும் கேட்கப்படும் என்று மத்திய அரசு 2025-ல் அறிவித்தது. ஆக, தேவர் இத்தனை, நாயக்கர் இத்தனை, நாடார் இத்தனை என்று தொகுதி வாரியாகச் சொல்லும் எந்தச் சதவீதத்துக்கும் அரசாங்க ஆவணம் கிடையாது. கட்சி ஆட்களின் மதிப்பீடு ஒரு தேர்தலில் பத்திரிகையில் வரும். அடுத்த தேர்தலில் அது "புள்ளிவிவரம்" ஆகிவிடும். மூன்றாவது தேர்தலில் வண்ணப் படம்.

"சரி, வாக்குச்சாவடி முடிவுகள் இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கின்றன. படிவம் 20 என்று பெயர். ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று தேர்தல் துறை இணையத்தில் போடுகிறது. பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். பைத்தானில் நாலு வரி எழுதி அதை எக்ஸெல்லாக மாற்றுவது முதல் வேலை. தேர்தலுக்குத் தேர்தல் சாவடி எண் மாறுவதைச் சரிசெய்வது அடுத்த வேலை, அதுதான் கழுத்தை அறுக்கும் வேலை. இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் சாதி ஓட்டு அதிலிருந்து வராது. உதாரணமாக ஒரு சாவடியில் 1,000 ஓட்டு, அதில் பாதி ஒரு சமூகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேட்பாளர் 500 வாங்குகிறார். அந்தச் சமூகம் மொத்தமாக அவருக்குப் போட்டிருக்கலாம். ஒருவர்கூடப் போடாமல் மறுபாதி முழுக்கப் போட்டிருக்கலாம். இரண்டு பக்கமும் பாதிப் பாதி போட்டிருக்கலாம். மூன்றுக்கும் படிவத்தில் ஒரே எண்தான். கூட்டத்தின் எண்ணிலிருந்து ஆளின் நடத்தையை ஊகிக்கும் இந்தத் தப்பு புள்ளியியலில் ரொம்பப் பழையது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் ஏற்பாடு இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியக்கூடாது என்பதற்காக. மின்னணு இயந்திரம் வந்ததும் ஒவ்வொரு சாவடியும் வெட்டவெளிச்சம். பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டது, சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. நம்ம ஊர்களில் காலனிக்குத் தனிச் சாவடி இருப்பது சகஜம். அந்தச் சாவடியின் எண்களைச் சாதிப் பெயர் ஒட்டி வரைபடமாகப் போட்டால், அது ஆராய்ச்சி ஆகாது. யாருக்குத் தண்ணித் தொட்டி கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கவேண்டாம் என்று முடிவு செய்பவர் கையில் கொடுக்கும் பட்டியல் ஆகிவிடும். அதனால் சாவடி வாரியான வரைபடம் எதையும் இந்தத் தளத்தில் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கேட்டு மெயில் அனுப்புபவர்களுக்கும் பதில் இதுதான்.

கலிங்கப்பட்டியும் இடைத்தேர்தலும்

சாதிச் சதவீத ஃபார்முலாவுக்கு உள்ளூரிலேயே ஒரு பரீட்சை வைக்கலாம். மதிமுக தலைவர் வைகோவின் ஊர் கலிங்கப்பட்டி எங்கள் குருவிகுளம் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தெலுங்கு பேசும் நாயக்கர் குடும்பங்கள் நிறைய. ஆகவே இங்கே மதிமுகவுக்கு நிச்சய ஓட்டு என்று ஒவ்வொரு அலசலும் சொல்லும். 2012 மார்ச் 18 அன்று நடந்த சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் மதிமுக தனித்து நின்றது, வைகோ ஊர் ஊராகப் பேசினார். கிடைத்தது 20,678. திமுகவுக்கு 26,220. அதிமுகவின் முத்துச்செல்விக்கு 94,977.

அது எந்த நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கரண்ட் கட்டில் விசைத்தறிகள் நின்றுகொண்டிருந்தன. அப்படியும் ஆளுங்கட்சி வித்தியாசம் 68,757. அமைச்சர்கள் படையே ஊருக்குள் முகாம் போட்டிருந்தது. ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள், மார்ச் 19, கூடங்குளம் அணு உலையைத் திறக்கலாம் என்று மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. எந்தச் சாதி எத்தனை சதவீதம் என்ற படத்தில் இதில் எதுவுமே தெரியாது. ஆட்சியில் இருக்கும் கட்சியோடு இருந்தால் வேலை நடக்கும் என்று வாக்காளர் போடும் கணக்குக்கு அந்தப் படத்தில் நிறம் கிடையாது.

வைகோவை வைத்து இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். சொந்த ஊர் எந்தச் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறதோ, எந்த நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறதோ, இரண்டிலும் அவர் நிற்க முடியாது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும்தான் போகவேண்டியிருந்தது. "அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு, நாங்க எப்பதான் நிக்கிறது?" என்று பொதுப் பிரிவு, பிற்பட்ட வகுப்புக்காரர்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். இந்த ஆதங்கத்தை வெறும் சாதித் திமிர் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. ஊராட்சித் தலைவர் பதவியில் இடஒதுக்கீடு சுழற்சியில் மாறும். சட்டமன்றத்தில், நாடாளுமன்றத்தில் மாறாது. பட்டியல் சமூக மக்கள்தொகை விகிதம் அதிகம் உள்ள இடங்களில், மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாக ஒதுக்கவேண்டும் என்பதுதான் மறுவரையறைச் சட்டத்தின் விதி. ஆதங்கம் சட்டத்தின் மேல் இருக்கட்டும், அதைப் பேசலாம். ஆனால் அதே ஆட்கள், "எம்.பி. தொகுதிப் பக்கமே வர்றதில்லை, அதுதான் ரிசர்வ் தொகுதி லட்சணம்" என்று சேர்த்துச் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருப்பசாமியை நான்கு முறை தேர்ந்தெடுத்தது இதே ரிசர்வ் தொகுதிதான்.

அடுத்த அலசலுக்கு

அடுத்த முறை தொகுதி அலசல் செய்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. சாதிச் சதவீதம் போட்டால் மூலத்தைப் போடுங்கள், இல்லையென்றால் எண்ணை எடுத்துவிடுங்கள். வேட்பாளர் பெயர் எங்கே, யாரால், எந்தப் பேரத்தில் முடிவானது என்று கேளுங்கள். பதவியில் இருந்தவர் மறுபடியும் நிற்கிறாரா, இல்லையென்றால் ஏன் என்று அந்தக் கட்சியிடமே மைக்கை நீட்டுங்கள். இந்த மூன்றையும் பத்து நிமிட வீடியோவில் கேட்டுவிடலாம்.

வாக்காளர்களாகிய நமக்கும் ஒன்று. பூனா ஒப்பந்தத்தின் முதற்சுற்றுத் தேர்தல் திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை. அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும், அதைச் செய்ய எந்தக் கட்சிக்கும் லாபம் இல்லை. ஆனால் வேட்பாளரை அறிவிக்கும் முன்பு, உள்ளூர்க் காலனிகளிலும் தெருக்களிலும் இருக்கும் கட்சி உறுப்பினர்களிடம் ஓட்டெடுத்துப் பெயர் கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. எந்தக் கட்சி வேண்டுமானாலும் அடுத்த தேர்தலிலேயே செய்யலாம். செய்யாத கட்சி தனித்தொகுதியில் சமூக நீதி பேசினால், "உங்க வேட்பாளரை யார் தேர்ந்தெடுத்தா?" என்று பிரச்சாரத்துக்கு வருபவரிடம் கேட்கவேண்டியதுதான்.